மச்சாள் சொல்லாத பதில்

மிக்கேல் சம்மனசின் ஈட்டி முனையில் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. கத்தி விரலை வெட்டினால் ஒட்டுவோமே, அந்தத் தோல் நிறப் பிளாஸ்டர்தான். சிறகு விரித்த அந்த வானதூதர் ஒற்றைக் காலைச் சாத்தானாகிய பசாசின் கழுத்தில் ஊன்றி, இரண்டு கையாலும் ஈட்டியைப் பிடித்து, அதன் நெஞ்சில் இறக்கிக்கொண்டு நிற்கும் படம் அது. என் கல்யாணத்துக்கு அம்மா தந்தது. சேலைகளுக்கு நடுவில் பொதிந்து மெல்பேர்ணுக்குக் கொண்டுவந்து, பூட்ஸ்கிரேயில் நாங்கள் வாடகைக்கு இருந்த பலகை வீட்டின் முன்னறையில் மாட்டியிருந்தேன். ஒரு நாள் தூசு தட்டும்போதுதான் பிளாஸ்டரைக் கண்டேன். கண்ணாடி வெடித்துவிட்டதாக்கும் என்று நினைத்து மச்சாளைக் கேட்டேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "குத்துறதைப் பார்க்க ஏலாமல் கிடந்தது, பிள்ளை. கீழை கிடக்கிறவருக்கும் நோகுந்தானே." பகிடி விடுகிறார் என்று எண்ணிச் சிரித்தேன். மச்சாள் சிரிக்கவில்லை.

மச்சாள் என்பது என் கணவரின் மூத்த அக்கா. தாயில்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தவர். கல்யாணம் முடித்துப் பத்து வருடத்தில் கணவரை இழந்தவர். எழுபதுகளின் நடுப்பகுதியில் என் முதல் பிள்ளைப்பேற்றுக்கு உதவி செய்ய வந்தார். முறைப்படி அம்மாதான் வரவேண்டும். அம்மாவுக்குச் சுகமில்லை என்பதால் மச்சாள் வந்தார் என்று எல்லோருக்கும் சொன்னோம். அதில் பாதிதான் உண்மை. அவரைக் கொஞ்சக் காலத்துக்காவது ஊரிலிருந்து கிளப்பிவிட வேண்டும் என்று இவர், என் கணவர், தவியாய்த் தவித்துக்கொண்டிருந்தார். வீதியில் ஒரு தமிழ் முகத்தைக் கண்டால் ஏறிய பஸ்ஸிலிருந்து இறங்கிப் போய்க் கதைக்கிற காலம் அது. ஊர்க்கதை தெரிந்த ஒருவரும் இல்லாத இடம் என்பதாலேயே மெல்பேர்ண் அக்காவுக்கு நல்லது என்று இவர் நம்பினார்.

ஊர்க்கதை இதுதான். மச்சாளுக்கு ஒரே மகன். பத்தொன்பது வயதில், ஒரு சாதாரண வியாழக்கிழமை காலையில், அந்தப் பிள்ளை தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டது. ஏன் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. அந்த ஊர்க் கோவிலின் பங்குச் சுவாமியார் திருச்சபையின் பழைய சட்டத்தில் ஊறியவர். பூசை வைக்க மறுத்தார், சேமக்காலைக்குள் புதைக்க இடமும் இல்லை என்றார். மதிலுக்கு வெளியே, பனைகளுக்கு நடுவில், மணியோசையும் செபமும் இல்லாமல் அடக்கம் நடந்தது. பெட்டியைத் தூக்கிய நான்கு பேரில் இவரும் ஒருவர். செத்த வீட்டுக்கு வந்த ஒரு சொந்தக்காரி மச்சாளைக் கட்டிப்பிடித்து, "உன்ரை பிள்ளையைப் பசாசு கொண்டுபோட்டுதடி" என்று ஒப்பாரி வைத்தாராம். அழுகையோடு வந்த சொல். மறுநாளே அவர் மறந்திருப்பார். மச்சாள் மறக்கவில்லை. கோவில் எடுக்காத பிள்ளை எங்கே போனது என்று அவருக்கு வேறு எவரும் சொல்லவுமில்லை.

எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லக் கூடாது. மச்சாள் வந்து இறங்கிய அன்றே இவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தக் கதை இஞ்சை வேண்டாம், கேட்டால் கதையை மாத்திவிடு" என்று சொல்லியிருந்தார். அவருக்கும் அது ஆறாத புண் என்பது எனக்குப் புரிய வெகுகாலம் எடுத்தது. அப்போது எனக்கு அது மானம் மரியாதை பற்றிய விஷயமாகத்தான் பட்டது. நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். ஞானோபதேசப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்து நரகப் படத்தைப் பார்க்கப் பயந்து, அந்தப் பக்கத்தை மட்டும் அட்டையோடு சேர்த்து ஒட்டி வைத்திருந்தவள். வயிற்றில் பிள்ளையோடு இருந்த என் முன்னால் மச்சாள் பசாசை "அவர்" என்று சொல்லும்போதெல்லாம் நான் வயிற்றின் மேல் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டேன்.

ஆனால் மச்சாள் பைத்தியம் இல்லை. சமையலில் உப்புக் கூடாது, குறையாது. கறிவேப்பிலை இல்லாத ஊரில் எலுமிச்சை இலையைப் போட்டு ஒரு மீன்குழம்பு வைப்பார், இப்போது நினைத்தாலும் நாக்கில் நிற்கிறது. அந்திப் பொழுதில் செபமாலை சொல்லுவோம். ஒரு காரணிக்கத்தின் பத்து மணியையும் உருட்டி முடித்ததும் நான் அடுத்த காரணிக்கத்துக்குப் போவேன். அவருடைய உதடு மட்டும் இன்னும் ஒரு மணியை முணுமுணுத்துக்கொண்டிருக்கும். பதினொராவது மணி ஆருக்கு என்று ஒரு நாள் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று பிறகு நினைத்தேன்.

"அவருக்குத்தான். என்ரை பிள்ளை அவரட்டையெல்லே நிக்கிறான்" என்றார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "பள்ளிக்கூடப் போடிங்கிலை பிள்ளையை விட்டால் விடுதி பாக்கிற வோடனோடை பகைப்பமே? பண்டிகைக்குப் பலகாரமும் குடுத்தெல்லோ விடுறனாங்கள். எனக்கு அங்கை குடுத்துவிட வேறை ஒண்டுமில்லை. ஒரு மணியைச் சொல்லிவிடுறன், அவனை வடிவாய்ப் பாக்கட்டும்." பிறகு செபமாலையைச் சுருட்டிச் சிறிய பெட்டிக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்: "அவரும் ஒரு காலத்திலை சம்மனசுதானே, பிள்ளை. தகப்பன் வீட்டை விட்டுக் கலைச்சுத் துரத்தின பிள்ளை அவர். கலைச்சுவிட்ட பிள்ளையின்ரை மனம் அவருக்குத் தெரியாமல் ஆருக்குத் தெரியும்? எங்கடை கோவில் கதவைச் சாத்தேக்கை அவர் ஒருத்தர்தான் வா எண்டு கூப்பிட்டிருக்கிறார்."

நான் எழுந்து போய் முன்னறையின் வெளிச்சத்தைப் போட்டேன். இவ்வளவு காலத்தில் எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டுவிட்டேன். விழுந்த சம்மனசின் அகந்தையைப் பற்றி, பொறாமையைப் பற்றி, தந்திரத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். கிழக்குத் திருச்சபையில் பசாசுகளுக்காகவும் அழுது செபித்த துறவிகள் இருந்தார்கள் என்று பிற்காலத்தில் எங்கோ வாசித்தேன். மச்சாள் அப்படி எதையும் வாசித்தவர் அல்ல. ஒரு தாய் தன் பிள்ளை இருக்கும் இடத்தில் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு நல்ல ஆளைத் தேடினார், அங்கே இருந்தவர் அவர் ஒருவர்தான். அன்று எனக்கு அது விளங்கவில்லை. எனக்குப் பயம் மட்டுமே பிடித்திருந்தது.

மகள் பிறந்தாள். ஞானத்தாயாக மச்சாளைத்தான் வைக்கவேண்டும் என்று இவர் பிடிவாதமாக நின்றார். அக்காவின் கையில் ஒரு பிள்ளையைக் கொடுத்தால் மனம் திரும்பும் என்ற எண்ணம். பங்குச் சுவாமி, அயர்லாந்திலிருந்து வந்து தலைநரைத்த மனிதர், சடங்கில் கேட்கப்படும் கேள்விகள் அச்சடித்த ஒரு தாளைத் தந்துவிட்டார். மச்சாளுக்குத் தெரிந்த ஆங்கிலம் பத்து இருபது சொல். குசினி மேசையில் தாளை விரித்து ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொல்லிக் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான், "ஐ டூ" என்று சொன்னால் போதும் என்றேன். கடவுளை விசுவசிக்கிறீரா, அவர் மகனை விசுவசிக்கிறீரா என்ற கேள்விகளுக்கு அவர் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் "ஐ டூ, ஐ டூ" என்று பழகினார். நான் கடைசிக்கு வைத்திருந்த, சாத்தானை விட்டுவிடுகிறீரா என்ற கேள்வி வந்ததும் அந்த வரியை எனக்கு இன்னொருமுறை சொல் என்றார். சொன்னேன். எழுந்து போய்க் கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுக்கத் தொடங்கினார். மழை வருகிற அறிகுறி எதுவும் இல்லை. அப்போதே இவரிடம் சொல்லியிருக்கலாம், அல்லது சுவாமியிடம் போய்ப் பேசியிருக்கலாம். அந்த நேரத்தில் பதில் வராமலா போகும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஞாயிறு பின்னேரம் கோவிலில் எங்களோடு ஒரு மால்டா நாட்டுக் குடும்பமும் இருந்தது. அவர்கள் பதினைந்து இருபது பேர், கேள்விக்குக் கேள்வி கோரசாகப் பதில் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் இவர், நான், ஞானத்தகப்பனாக நின்ற இவருடைய வேலையிடத்து நண்பர், பிள்ளையை ஏந்திக்கொண்டு மச்சாள். சுவாமி எங்கள் பக்கம் திரும்பி, சாத்தானை விட்டுவிடுகிறீரா என்பதைத்தான் முதல் கேள்வியாகக் கேட்டார். நாங்கள் மூவரும் சொன்னோம். மச்சாளின் வாய் அசையவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துப் பிள்ளையின் காதை மூடினார். சுவாமி பொறுத்துப் பார்த்தார். பிறகு அவரையே பார்த்தபடி, இன்னும் மெதுவாக, மறுபடியும் கேட்டார். மால்டாக்காரர் எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மச்சாளின் தோளோடு தோளாக நெருங்கி, அவருடைய குரல் என்று எவரும் எண்ணும்படி உரக்க "ஐ டூ" என்றேன். சுவாமி ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். கடவுளை விசுவசிக்கிறீரா என்றதற்கு அந்தக் கோவிலில் எல்லோரையும் விட உரத்துக் கேட்டது மச்சாளின் குரல்தான்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் இவர் வெடித்தார். "அக்கா, என்ரை பிள்ளையையும் அங்கை அனுப்பப் பாக்கிறியளோ?" என்று கேட்டார். 'பிள்ளையையும்' என்று அவர் சொன்னதும் மச்சாள் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "உன்ரை பிள்ளைக்கு நான் குறுக்கை நிக்கேல்லை, தம்பி. அவளின்ரை பதிலைத் தாய் தகப்பன் நீங்கள் சொல்லிப்போட்டியள், அது காணும், போதும். என்ரை வாயாலை வந்தால் அவர் கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு கோவத்தை ஆரிலை காட்டுவார்?" என்று மட்டும் சொல்லிவிட்டு, எங்களுக்குச் சோறு போடப் போனார். அன்றிலிருந்து இவர் அக்காவோடு அளந்துதான் பேசினார்.

அந்தக் காலத்தில் சுவாமிமார் வீடு வீடாக வருவார்கள். அடுத்த கிழமை, இவர் வேலைக்குப் போயிருந்த ஒரு பகல், சுவாமி வந்து முன்னறையில் அமர்ந்தார். படத்தில் இருந்த பிளாஸ்டரை அவர் கண்டார் என்பது எனக்குத் தெரியும், அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. தேநீர் குடித்துவிட்டு மச்சாளைப் பார்த்து, அந்தக் கேள்வி உங்களுக்குக் கஷ்டமாக இருந்தது போலிருந்தது, ஏதாவது மனப்பாரம் இருந்தால் என்னிடம் சொல்லலாம் என்றார். குரலில் குற்றம் சாட்டும் தொனி துளியும் இல்லை. நான் அதை மச்சாளுக்குத் தமிழில் சொன்னேன்.

மச்சாள் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். அந்த வியாழக்கிழமைக் காலை, அன்று அவனுக்கு அவித்து வைத்த இடியப்பம், மதிலுக்கு வெளியே வெட்டிய குழி, சொந்தக்காரியின் ஒப்பாரி, பதினொராவது மணி. மகனின் பெயரை அவர் வாயால் நான் கேட்டது அன்றுதான். திரும்பத் திரும்ப அந்தப் பெயரைச் சொன்னார், அடக்கி வைத்திருந்த வீட்டில் இவ்வளவு நாளும் சொல்ல முடியாததை எல்லாம் சேர்த்துச் சொல்வதுபோல. கடைசியில் என் கையைப் பிடித்துச் சொன்னார்: "சுவாமியைக் கேள், பிள்ளை. அவன் அங்கைதான் நிக்கிறானோ எண்டு கேள். இல்லையெண்டு சுவாமி சொன்னால் நான் இப்பவே, இந்த இடத்திலையே அந்தப் பதிலைச் சொல்லுறன்."

சுவாமி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். மச்சாளுக்கு ஆங்கிலம் சரியாக விளங்காது, கூட்டத்தைக் கண்டு பயந்துவிட்டார், கணவரை இழந்தவர், மனம் கொஞ்சம் பலவீனம் என்று சொன்னேன். இரண்டு வசனம், மிஞ்சிப்போனால் மூன்று. பத்து நிமிடம் அழுதழுது பேசிய ஒரு பெண்ணின் கதை மூன்று வசனத்துக்குள் அடங்குமா என்று அந்த மனிதருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வேறெதுவும் சொன்னாரா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் எழுந்து மச்சாளின் தலையில் கையை வைத்து ஆசீர்வதித்தார். மச்சாள் கண்ணை மூடிக் காத்திருந்தார். "என்ன சொல்லுறார்?" என்று என்னைக் கேட்டார். "உங்களுக்காகச் செபிக்கிறாராம்" என்றேன். பொய்யிலே பொய்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று என்னைக் கேட்டால் இவருடைய கட்டளையைக் காட்டித் தப்பலாம். அது மட்டும் இல்லை. நான் வெட்கப்பட்டேன். ஒரு வெள்ளைக்காரச் சுவாமியின் முன்னால் எங்கள் குடும்பம் பசாசுக்குச் செபம் சொல்லும் குடும்பமாகத் தெரியக்கூடாது என்று நினைத்தேன். என் மகளின் ஞானஸ்நானப் பதிவுக்குப் பக்கத்தில் எந்தக் கறையும் வந்துவிடக்கூடாது என்று நினைத்தேன்.

சுவாமி போனபின் மச்சாள் கோப்பைகளைக் கழுவினார். நான் துடைத்தேன். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அவன்ரை பேரை நான் ஏழெட்டுத் தரம் சொன்னனான், பிள்ளை. நீ இங்கிலீசிலை சொல்லேக்கை ஒருக்காலும் கேக்கேல்லையே." அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன். துவாயை என் கையிலிருந்து வாங்கி மீதிக் கோப்பைகளையும் தானே துடைத்து அடுக்கினார்.

இரண்டு மாதத்தில் மச்சாள் ஊருக்குப் போனார். போகும் நாள் வரை மகளைக் குளிப்பாட்டினார், பிள்ளை பெற்ற உடம்புக்கு மருந்தாக எனக்குச் சரக்குத்தண்ணி அவித்துத் தந்தார், பதினொராவது மணியையும் விடவில்லை. விமான நிலையத்தில் "போட்டு வாறன்" என்றார். பிறகு வரவேயில்லை. பல வருடங்களுக்குப் பிறகு, யுத்தத்தில் இடம்பெயர்ந்து எங்கோ ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் காய்ச்சலில் இறந்துபோனார் என்று கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு இவர் அழுத அழுகைதான் நான் கண்ட அவருடைய ஒரே அழுகை. அன்றுகூட நான் சுவாமி வந்த பகல் முன்னறையில் நடந்ததை அவரிடம் சொல்லவில்லை. இப்போது இவரும் இல்லை.

சில வருடங்களுக்கு முன் மெல்பேர்ணிலேயே, வெரிபீயில், தெரிந்த குடும்பத்தில் ஒரு மரணம். அதுவும் இளம் பிள்ளை, அதுவும் அதே விதம். நான் போனேன். அங்கே மணி அடித்தது, முழுப் பூசை நடந்தது, பெட்டிக்கு மேல் வெள்ளைத் துணி விரித்திருந்தது. பூசை முடிந்ததும் அந்த இளம் சுவாமியைப் பிடித்து, இப்போது சட்டம் மாறிவிட்டதா என்று கேட்டேன். மாறி எவ்வளவு காலம் என்று அவர் ஆச்சரியப்பட்டார். பழைய சட்டம் இருந்த காலத்திலேயே, அந்த நேரத்து மனநோவைக் கடவுள் அறிவார் என்று சொல்லி உள்ளே அடக்கம் செய்த குருமார் எத்தனையோ பேர், எழுபதுகளில் என்றால் அநேகமாக எல்லோரும் அப்படித்தான் என்றார். நான் காருக்குள் போய் அமர்ந்து வெகுநேரம் சாவியைப் போடவில்லை. அயர்லாந்துச் சுவாமி என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் காத்திருந்த விதம் மட்டும் தெரியும். உங்கள் பிள்ளை அங்கே இல்லை என்று அவர் சொல்லியிருந்தால், அதை நான் தமிழில் திருப்பிச் சொல்லியிருந்தால், மச்சாள் அத்தனை வருடமும் மகனுக்காக ஒரு வோடனின் மனதைக் குளிரப்பண்ணிக்கொண்டு இருந்திருக்கத் தேவையில்லை. வீட்டில் தனியாகச் செபமாலை சொல்லும்போது பத்தாவது மணியில் என் விரல் நிற்கும். அடுத்த மணி சொல்லப்படுவதற்காக எவரோ பக்கத்தில் காத்திருப்பதுபோல் இருக்கும். திரும்பிப் பார்க்க எனக்கு இன்னும் பயம்.

இப்போது மெல்பேர்ணின் மறுபக்கத்தில், ரோவிலில், இருக்கிறேன். கார்த்திகை, அதாவது நவம்பர், இறந்த ஆத்துமாக்களின் மாதம் என்பதால், இங்கே கோவிலில் ஒரு பெரிய கொப்பியைப் பீடத்துக்குப் பக்கத்தில் வைப்பார்கள். இறந்தவர்களின் பெயரை எழுதிவிட்டால் மாதம் முழுவதும் பூசையில் அவர்களுக்காகச் செபிப்பார்கள். ஒவ்வொரு வருடமும் அம்மா, அப்பா, இவர், மச்சாள் என்று எழுதுவேன். சென்ற வருடம் மச்சாளின் பெயருக்குக் கீழே அந்தப் பிள்ளையின் பெயரையும் எழுதினேன். அருள்சீலன். எழுதிவிட்டு வாய்விட்டும் சொன்னேன். ஐம்பது வருடமாகச் சொல்லாத பெயர், சொல்லி முடிக்க ஒரு நொடிதான் எடுத்தது. பேனாவை வைக்கப் போனபோது மச்சாளின் முகம் வந்துவிட்டது. மச்சாள் நின்றிருந்தால் அடுத்த வரியைக் காட்டி, என்ரை பிள்ளையைப் பாக்கிற அவருக்கும் எழுத ஒருதரும் இல்லை, எழுதிவிடு பிள்ளை என்றிருப்பார். எழுத எனக்குத் துணிவு வரவில்லை. ஒரு வரியை வெறுமையாக விட்டுவிட்டுப் பேனாவைப் பின்னால் நின்றவரிடம் நீட்டினேன். மன்னார்ப் பக்கத்துப் பெண், கணவரை அண்மையில் இழந்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, அந்த வெறும் வரியில் பேனாவை ஊன்றினார். என்னை அறியாமல் அவருடைய கையைப் பிடித்துவிட்டேன்.

"கீழை எழுதுங்கோ," என்றேன். "அதிலை ஆள் இருக்கு."